நாகலிங்க மரத்தை உட்காரச் சொன்னேன்

அவுரிக்காரன் வீட்டுக்குள் போகும்வரை, வீடு என்றால் இவ்வளவுதான் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா நிமிர்ந்து நடந்தால் விட்டத்தில் தலை இடிக்கும். எங்களுக்கும் மாடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டிதான். அந்த வீட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, எங்கள் வீட்டை அப்படியே தூக்கி உள்ளே வைத்து, அதன் தலைமேல் இன்னொன்றையும் வைக்கலாம் என்று தோன்றியது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இப்படி ஒன்றை மதிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் எங்களை ரோட்டில் நடக்கவிட்டிருக்கிறார்களே என்ற கோபம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாகூர்ப் பள்ளியில் பிரெஞ்சுப் பாடம் குறைந்து தமிழ்ப் பாடம் கூடிய காலம். அதுவரை பாட்டு என்றால் யாரோ எழுதியது, நம் வேலை கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிப்பது என்றிருந்தோம். கடலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தமிழ் வாத்தியார்தான், நீங்களே எழுதுங்கள் என்றார். எதைப் பற்றி என்று கேட்டோம். "இவ்வளவு பழைய வீடும் தோட்டமும் ஊருக்குள்ளேயே இருக்கு, எதைப் பத்தின்னு கேக்குறீங்களே" என்று திட்டிவிட்டு, அவரே போய் அனுமதி கேட்டு வந்தார். கிடைத்துவிட்டது என்றதும் எங்களைவிட அவருக்குத்தான் ஆச்சரியம்.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவுரிச் செடியை ஊறவைத்து நீலச் சாயம் எடுத்துக் கப்பலேற்றிய காலத்தில் கட்டிய வீடு அது. அவர் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. வீடு கைமாறி, கரும்பும் நெல்லும் நிறைய வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு வந்து, அப்போது அந்தக் குடும்பத்தின் ஒரே மகளிடம் இருந்தது. அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலைக்குப் போனவர், போனவர்தான். ஊரில் அந்த அம்மாவுக்கு சைகோன் அம்மா என்றே பெயர். அங்கிருந்து கப்பல் வருகிறது என்று தெரிந்தால் அவருடைய வில்வண்டி விடியலிலேயே புதுச்சேரிக்குக் கிளம்பிவிடும். சாயங்காலம் வெறும் வண்டியாகத் திரும்பும். அம்மா கேட்டுக்குள் நின்று பார்த்துவிட்டு, "அடுத்த கப்பல்ல வருவாரு" என்று சொல்லி உள்ளே போவார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டும் தலையில் பூவும் ஒருநாளும் குறைந்ததில்லை. ஊர் அதை மரியாதையோடு பார்த்துப் பழகியிருந்தது.

எழுத ஆசைப்பட்டவர்கள் நாங்கள் நான்கு பேர். பெண்கள் நானும் என் மாமன் மகளும், கடலோரக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பையன், சோரியாங்குப்பத்திலிருந்து ஆற்றோரமாகவே நடந்து வரும் இன்னொரு பையன். முதல் நாள் கேட்டில் நுழையும்போது குப்பத்துப் பையன் குனிந்து வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என் மாமன் மகள் சிரித்துவிட்டாள். "இன்னாடா, கோயிலா இது?" என்றாள். "உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்" என்றான் அவன். பிறகு நாங்களும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனோம்.

தோட்டத்தின் நடுவில் அந்த நாகலிங்க மரம். கோயிலில் பூவை மட்டும் பார்த்திருக்கிறேன், மரத்தைப் பார்த்ததில்லை. கிளையில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே பூத்திருந்தது. தரையிலிருந்து எங்கள் தலைக்கு மேல்வரை சுற்றிலும் பூ. ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு சின்ன லிங்கம், அதன்மேல் குடை பிடித்த நாகம். காற்று அடிக்கவில்லை, ஆனாலும் வாசனை எங்களைச் சுற்றி நடமாடிக்கொண்டிருந்தது. மரத்தின் உச்சியைப் பார்க்கவேண்டுமென்றால் வீட்டின் மாடியையும் தாண்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மரத்துக்குப் பின்னால் வரிசையாகக் காரைத் தொட்டிகள். அவுரியை ஊறவைத்தவை. காய்ந்து, பாசி படிந்து, பார்க்க ஒன்றுமே இல்லை. நாங்கள் அலட்சியமாகப் பார்த்தது, கூடவே வந்த சைகோன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "கெணத்துலேர்ந்து ஒரு கொடம் தண்ணி மொண்டாந்து உள்செவுத்துல ஊத்திப் பாருங்க" என்றார். குப்பத்துப் பையன் ஊற்றினான். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் சுவருக்குள்ளிருந்து நீலம் எழுந்து வந்தது. விடிவதற்குச் சற்று முன்னால் கிழக்கில் தெரியுமே, அந்த நீலம். சாயம் போட்ட கைகள் எல்லாம் மண்ணாகிப் போன பிறகும் அது அங்கேயே இருந்திருக்கிறது. என் மாமன் மகள் அழுதுவிட்டாள். வெயிலில் சுவர் காய்ந்து நீலம் மறையும்வரை நின்றிருந்தோம்.

பல ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டு எழுதினோம். குப்பத்துப் பையனுக்கு அந்த வீடு கரை தட்டிய கப்பலாகத் தெரிந்தது. சோரியாங்குப்பத்தான் தொட்டிகளை எழுதினான். மாமன் மகள் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, கடைசியில் ஜன்னலைப் பற்றி நான்கு வரி வைத்திருந்தாள். நான் மரத்தை விட்டு நகரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நாற்று நட்டுவிட்டு வரும் என் அம்மா வீட்டுக்குள் வந்ததும் முதலில் உட்காருவாள். இந்த மரம் எப்போது உட்காரும்? அதையே எழுதினேன்.

"எத்தனை காலமாய் நிற்கிறாய் மரமே, கால் வலிக்கவில்லையா? வரப்போகும் மழையில் நனைந்தபடி நிற்காதே, இந்த வீட்டம்மாவின் மாடியில் கொஞ்சம் உட்கார்."

இதில் யாப்பு எங்கே என்று வாத்தியார் முகத்தைச் சுளித்தார். முதல் சொல்லாவது மங்கலமாக இருக்கட்டும், 'திரு' என்று தொடங்கு என்றார். மரத்தோடு பேசும்போது யாராவது திரு என்று ஆரம்பிப்பார்களா என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

ஐப்பசியில், கொடி மாறிய நாளைக் கொண்டாடும் சாக்கில், அந்த வீட்டுக் கூடத்திலேயே ஊரைக் கூட்டி எங்களைப் படிக்கச் சொன்னார்கள். நான் படித்து முடித்ததும் சைகோன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா கடைசி வரிசையில் நின்றபடி, பக்கத்திலிருந்தவர்களிடம் "எம் பொண்ணு" என்றார். அந்த நாள் அப்படி முடிந்தது.

அடுத்த வாரம் புயல் அடித்தது. பாகூர் ஏரிக்கரையில் பனைமரங்கள் முறிந்தன. எங்கள் கரும்பு முழுக்கத் தரையோடு படுத்துவிட்டது. காலையில் மழை விட்டதும் ஊரே அவுரிக்காரன் வீட்டுப் பக்கம் ஓடியது, நானும் ஓடினேன். நாகலிங்க மரம் வேரோடு சாய்ந்திருந்தது. ஆனால் தரையில் விழவில்லை. மாடி முகப்பில் போய் முதுகைச் சாய்த்து, தளத்தை இடித்துக்கொண்டு, அங்கேயே அமர்ந்திருந்தது. உண்மையாகவே ஓர் ஆள் களைத்துப்போய் உட்கார்ந்த மாதிரி. ஈரத்தில் பூக்கள் அப்படியே இருந்தன. யாருக்கும் அடிபடவில்லை. பிறகு கூட்டத்தில் ஒரு பெண் மெல்லச் சொன்னாள்.

"உக்காருன்னு சொன்னாளே. உக்காந்துடுச்சி பாரு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மரத்தைப் பார்த்த அதே கண்ணோடு என்னைப் பார்த்தார்கள்.

அறம் பாடுவது என்று ஒன்று உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். பாட்டுக்குள் கெட்ட சொல் வைத்துப் பாடினால், பாடப்பட்டவர் அழிவார், வீடு எரியும், வம்சம் நிற்காது என்பார்கள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. என் அம்மா அன்று மத்தியானம் என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, "நாக்க நீட்டுடி" என்றாள். கருநாக்கா என்று பார்த்தாள். மச்சம் எதுவும் இல்லை. அப்படியும் அவளுக்கு நிம்மதி வரவில்லை, மறுநாளும் நீட்டச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை, நான் தெருவில் வந்தால் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மாமன் மகள் பள்ளிக்கு வேறு வழியாகப் போக ஆரம்பித்தாள்.

இன்னொரு பக்கம் ஆட்கள் தேடியும் வந்தார்கள். எங்கள் கொல்லைக்கு அடுத்த கொல்லைக்காரர் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து அப்பாவிடம் குழைந்தார். "பாப்பாவ ஏரி ரொம்புறாப்புல ரெண்டு வரி எழுதச் சொல்லுப்பா." ஏரி ஏற்கெனவே புயல் மழையில் நிறைந்து, உபரித் தண்ணீர் போகும் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எம் பங்காளி கெணறு வத்துறாப்புல எழுத முடியுமா?" என்றார். அப்பா பழத்தையும் அவரையும் சேர்த்து வெளியே அனுப்பினார்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது என்னால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் நானும் அதை நம்பினேன். நான் சொன்னேன், மரம் கேட்டது. இதைவிட நேரான கணக்கு என்ன இருக்கிறது? என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல் எதை முறிக்கும் என்று தெரியாமல் பேச்சையே குறைத்துக்கொண்டேன். தம்பியிடம் சண்டை வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். சொல்வதெழுதலில் 'விழுந்தான்' என்று வந்த இடத்தைக் காலியாக விட்டேன். வாத்தியார் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் முழங்கினார். ஆனால் என்னை மட்டும் அதற்குப் பிறகு எழுதச் சொல்லவே இல்லை. நான் எழுதுவதும் அதோடு போனதாகத்தான் நினைத்தேன். ஆற்றில் கை நழுவிப் போன பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்தை அறுத்து இறக்க ஆட்கள் வந்திருந்த ஒரு நாள், சைகோன் அம்மா என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார். இழப்பு எவ்வளவு என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று அப்பா நினைத்தார். துண்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்தபடி போனேன். மரம் அறுப்பவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று பாதி ஊர் தோட்டத்தில் இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவர் உரக்கக் கேட்டார்.

"ஒன் பாட்டு பலிக்குதுன்னு சொல்றாங்களே, நெசமாடி?"

அப்பா, "சின்னப் பொண்ணும்மா, தெரியாம…" என்று இழுத்தார்.

"நான் கோவிச்சிக்கலப்பா. எனக்கும் ஒண்ணு பாடட்டும். அடுத்த கப்பல்ல அவரு வந்து எறங்குறாப்புல. தை பொறந்ததும் கப்பல் வருதாம். அதுக்குள்ள எழுதி இங்க, இந்தக் கூடத்துலயே, எல்லார் முன்னாடியும் படிக்கணும்."

கூட்டம் அசைந்தது. ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் அந்தப் பயத்துக்குள் வேறு ஒன்றும் இருந்தது. முறித்த வாயாலேயே ஒன்றைக் கூட்டிவைக்க முடிந்தால்? அவர் வந்துவிட்டால் என்னை யாரும் பார்த்து ஒதுங்க மாட்டார்கள். சரி என்று தலையாட்டினேன்.

அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எதையும் அப்படி எழுதியதில்லை. எழுதத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். அவரைப் பார்த்தே இராத நான், அவருக்கு நடை கொடுத்தேன், நரை கொடுத்தேன். கப்பல் தூரத்தில் நிற்கிறது, படகு வருகிறது, அலையில் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார், மணலில் முதல் அடி வைத்ததும் கரையில் நிற்கும் முகங்களில் ஒரே ஒரு முகத்தைத் தேடுகிறார். வாத்தியார் சொன்னபடி, இந்தத் தடவை மங்கலச் சொல்லில்தான் ஆரம்பித்தேன். கூடத்தின் முன்பக்கம் தளம் உடைந்து வானம் தெரிந்தது. அதன் கீழே நின்று படித்தேன். பெண்கள் விசும்பினார்கள். சைகோன் அம்மா மட்டும் கண்ணிமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் வந்த அன்று வில்வண்டி மட்டும் போகவில்லை. பின்னாலேயே வரிசையாகக் கட்டை வண்டிகள், திருவிழாவுக்குப் போவது மாதிரி. சைகோன் அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். அவரே நேரில் போவது அதுதான் முதல் தடவை. என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கடற்கரையில் வெயில் ஏற ஏறப் படகுகள் வந்தன. பெட்டியும் படுக்கையுமாக ஆட்கள் இறங்கினார்கள். அங்கங்கே கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒவ்வொரு படகுக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். நான் உதட்டுக்குள் பாட்டை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிப் படகில் மூட்டைகள்தான் வந்தன.

படகுக்காரர்கள் அவற்றை இறக்கி முடித்தார்கள். பிறகு எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர், அதே வாழைத்தார்க்காரர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னாப்பா, இந்தப் பாப்பா பாட்டு இவ்ளோதானா? மரம் காத்துல வுழுந்துருக்கு, நாமதான் போட்டுக் கொழப்பிக்கினோம்" என்றார். ஒருவர் சிரித்தார். இன்னொருவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிற்று. மரம் என்னால் விழவில்லை. என் வாய் வெறும் வாய்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே பட்டுப்புடவையோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தேன், அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அழுதேன்.

திரும்பும்போதும் அவர் வண்டியில்தான் வந்தேன். வண்டி அரியாங்குப்பத்தைத் தாண்டியது. பிறகு, வண்டிக்காரருக்குக் கேட்காதபடி சொன்னார்.

"அழுவாத. அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்டி. அங்க அவருக்கு வூடு, பொஞ்சாதி, புள்ளைங்க எல்லாம் கீது. அவரே ஆள் வுட்டுச் சொன்னாரு. ரொம்ப வருஷம் ஆவுது."

நான் அவர் நெற்றிப் பொட்டைப் பார்த்தேன். அத்தனை கப்பலுக்கும் போய் வந்த வண்டியை நினைத்தேன். ஊர் அவருக்குக் கொடுத்த மரியாதையெல்லாம் காத்திருக்கும் பெண் என்பதற்குத்தான். இன்றைக்கு அத்தனை பேரையும் வண்டி கட்டிக் கூட்டிவந்து அதைக் காலி செய்துவிட்டார். இவ்வளவு பாடியும் வராதவர் இனி வரவே மாட்டார் என்று, ராத்திரிக்குள் அவர் வீட்டுக் கதை ஊரின் எல்லா வாயிலும் இருக்கும் என்பது எனக்கே புரிந்தது.

"தெரிஞ்சே ஏம்மா பாடச் சொன்னீங்க?"

"ஊருக்கு முன்னாடி ஒன் பாட்டு ஒரு வாட்டியாவது பொய்யாவணும். வேற எதச் சொன்னா இவங்க நம்புவாங்க? நீ நம்புவியா?"

அவுரிக்காரன் வீட்டுக் கூடத்தில் முதல் நாள் நின்றபோதுகூட நான் அவ்வளவு சின்னவளாக உணர்ந்ததில்லை. மடியில் வைத்திருந்த தாளைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காத, எங்கிட்ட குடு" என்றார். "பொய்தான். ஆனா அதுல அவரு படகுலேர்ந்து எறங்கி வராரு இல்ல?"

பிறகு முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு, பாட்டை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் பயமில்லாமல், முதல் சொல்லிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.